சந்தேகத்தையும் சேர்த்துக் கொடுங்கள்

(செங்கல்பட்டில் முனைவர் பட்ட ஆய்வு மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பல்வேறு துறை ஆய்வாளர்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பது இன்றைய தலைப்பு. இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாக 1959-இல் கேம்பிரிட்ஜில் சி. பி. ஸ்நோ ஆற்றிய உரையிலிருந்து தொடங்குவார்கள். இலக்கியம் படித்தவர்களும் அறிவியல் படித்தவர்களும் பேச்சுவார்த்தை இல்லாமல் இரண்டு கூடாரமாகப் பிரிந்து கிடக்கிறார்கள் என்று அவர் வருந்தினார். எனக்கு அந்த வருத்தம் இல்லை. நம் பக்கத்தில் துறைக்காரர்கள் நன்றாகவே பேசிக்கொள்கிறார்கள். ஒருவர் கட்டுரையை இன்னொருவர் மேற்கோள் காட்டுகிறார். ஒரே கருத்தரங்கில் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். என் புகார் வேறு. ஒரு துறையில் ‘இருக்கலாம்’ என்று பிறந்த ஒரு முடிவு, அடுத்த துறைக்குள் நுழையும்போது ‘இருக்கிறது’ என்று ஆகிவிடுகிறது.

பாட்டிமார் சொல்லும் கதை ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவன் காக்கை நிறத்தில் வாந்தி எடுத்தான். நாலு தெரு தாண்டுவதற்குள், காக்கை காக்கையாக வாந்தி எடுத்தான் என்று ஊரே திரண்டுவிட்டது. நாமெல்லாம் படித்தவர்கள், இல்லாத காக்கையைக் கூட்டிச் சொல்ல மாட்டோம். ‘நிறத்தில்’ என்பதை மட்டும் விட்டுவிடுவோம். விளைவு அதேதான்.

இதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. இங்கிருந்து கிழக்கே கடற்கரைக்குப் போனால் போதும்.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் மணலை அலசிவிட்டுப் போனபோது, புலிக்குகைக்கு அருகே பாறையில் ஒரு கல்வெட்டு தெரிந்தது. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் காலத்தது. திருவிழிச்சில் என்ற ஊரில் இருந்த சுப்பிரமணியர் கோயிலை அது குறிப்பிட்டது. இந்தியத் தொல்லியல் துறையைச் சேர்ந்த சு. இராசவேலுவும் டி. சத்தியமூர்த்தியும் அந்தத் துப்பைப் பிடித்துக்கொண்டு 2005-இல் பக்கத்து மணல்மேட்டைத் தோண்டினார்கள். கருங்கல் கட்டுமானம் ஒன்று வந்தது. அதற்கும் கீழே செங்கல் கோயில் ஒன்று இருந்தது. வாசலில் கல்லால் செய்த வேல். தூண்களில் பல்லவ, சோழர் காலக் கல்வெட்டுகள். கார்த்திகை விளக்குக்குப் பொன் கொடுத்த கணக்கும் அவற்றில் உண்டு. தமிழகத்தில் இதுவரை கிடைத்த முருகன் கோயில்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று இது என்பது அகழ்ந்தவர்களின் கருத்து.

இப்போது அந்தக் குழியின் ஓரத்தில் நான்கு பேரை நிறுத்திப் பார்ப்போம்.

தொல்லியல் மாணவர் செங்கல்லின் நீளம், அகலம், கனம் மூன்றையும் அளக்கிறார். பூம்புகார், உறையூர், அரிக்கமேடு ஆகிய இடங்களில் கிடைத்த பெரிய செங்கற்களோடு ஒப்பிடுகிறார். ஒத்துப்போகிறது, சங்ககாலம் என்று எழுதிக்கொள்கிறார். செங்கல் அளவு சொல்லும் காலம் சில நூற்றாண்டுகள் அகலமானது என்பது அவருக்குத் தெரியும். பழைய கட்டடத்துச் செங்கல்லைப் பெயர்த்துப் புதிய சுவருக்கு வைப்பது நம் ஊரில் இன்றும் நடக்கிறது, அன்றும் நடந்திருக்கும் என்பதும் தெரியும்.

கல்வெட்டு மாணவர் தூண்களைப் படியெடுக்கிறார். மூன்றாம் குலோத்துங்கன் காலம் வரை கோயிலுக்குக் கொடை வந்துகொண்டிருந்தது. அதன்பின் கல்வெட்டு இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டுக்குப் பிறகு கோயில் அழிந்திருக்கக்கூடும் என்று அவர் ஊகிக்கிறார். கொடை நின்றது என்றால் கோயில் இடிந்துதான் நின்றது என்று கட்டாயம் இல்லை. கொடுத்து வந்த வணிகர்கள் வேறு துறைமுகத்துக்குப் போயிருக்கலாம். அரசு மாறியிருக்கலாம். இதுவும் அவருக்குத் தெரியும்.

நிலவியல் மாணவர் கோயிலைப் பார்ப்பதே இல்லை. அவர் கண் குழியின் பக்கச் சுவர்மேல். அங்கே மண்ணுக்கும் மண்ணுக்கும் இடையே வெளிறிய கடல் மணல் பட்டை ஒன்று ஓடுகிறது. அடிப்பகுதி கத்தியால் அறுத்ததுபோல் இருக்கிறதா, கீழே பருமணலும் மேலே நொய்மணலுமாகப் படிந்திருக்கிறதா, சிப்பிகள் முழுசாக இருக்கின்றனவா நொறுங்கிக் கிடக்கின்றனவா, ஆழ்கடலில் மட்டும் வாழும் நுண்ணுயிர் ஓடுகள் கலந்திருக்கின்றனவா என்று பார்க்கிறார். கரித்துண்டு கிடைத்தால் கதிர்க்கரிமக் காலக்கணிப்புக்கு அனுப்பலாம். மணல் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று ஒளிர்வு முறையில் கணக்கிடலாம். இத்தனை செய்தபின்னும் அவரிடம் ஒரு கேள்வி மிச்சம் இருக்கும்: இந்த மணலைக் கொண்டுவந்து போட்டது ஆழிப்பேரலையா, பெரும்புயல் எழுப்பிய அலையா? வங்கக் கடலோரத்தில் இது சாதாரணக் கேள்வி அல்ல. இரண்டும் விட்டுச் செல்லும் மணல் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சி. பி. ராஜேந்திரனும் அவருடைய சகாக்களும் 2006-இல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் மாமல்லபுரக் கரையைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பு, தாங்கள் கண்ட தடயத்தைப் ‘பண்டைய கடல் எழுச்சிகள்’ என்றுதான் சொல்கிறது. பழைய ஆழிப்பேரலைகளை அதன் உட்பொருளாக மட்டுமே வைக்கிறது. கெட்டிக்காரத்தனம் அது, நேர்மையும்கூட.

இனி நடப்பதைக் கவனியுங்கள். தொல்லியல் மாணவர் தன் ஆய்வேட்டில், கோயிலை ஆழிப்பேரலை அழித்தது என்று எழுதுகிறார். சான்றாக நிலவியலாளரைக் காட்டுகிறார். நிலவியல் மாணவர் தன் ஆய்வேட்டில், மணல் படிவின் காலம் பதின்மூன்றாம் நூற்றாண்டு என்று எழுதுகிறார். சான்றாகக் கல்வெட்டறிஞரைக் காட்டுகிறார். கல்வெட்டு மாணவர், கொடை நின்றதன் காரணம் கடல்கோள் என்று எழுதுகிறார். சான்றாகத் தொல்லியலாளரைக் காட்டுகிறார். மூவரும் அடிக்குறிப்பு ஒழுங்காகப் போட்டிருக்கிறார்கள். மூன்று ஏட்டையும் தனித்தனியாகத் திருத்துகிறவருக்கு ஒரு குறையும் தெரியாது. சேர்த்துப் படித்தால்தான், மூன்று ஊகங்கள் வட்டமாக நின்று ஒன்றையொன்று நிரூபித்துக்கொண்டிருப்பது தெரியும். செய்தித்தாளுக்கு இதெல்லாம் தேவையில்லை. ‘சுனாமி விழுங்கிய சங்ககாலக் கோயில்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அந்த வரியை எடுத்துக்கொடுப்பவர்கள் நாம்தான்.

நான்காவது ஆளை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அவர் பொறியியல் மாணவர். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் இருக்கிறது. 2004-இல் அலை அங்கும் வந்தது. பம்ப் அறைக்குள் கடல்நீர் புகுந்தது; ஓடிக்கொண்டிருந்த உலையைப் பாதுகாப்பாக நிறுத்தினார்கள். பக்கத்தில் கட்டத் தொடங்கியிருந்த வேக ஈனுலையின் அஸ்திவாரக் குழியில் தண்ணீர் நிறைந்தது. ஆக, இந்தக் கரையில் இதற்கு முன் எப்போது, எத்தனை முறை, எவ்வளவு உயரத்துக்கு நீர் வந்தது என்பது பொறியாளருக்கு நாளைய சுவரின் உயரம் பற்றிய கேள்வி. சாளுவன்குப்பத்து மணல் சுமத்ரா நிலநடுக்கத்தால் வந்ததென்றால் ஒரு கணக்கு. புயலால் வந்ததென்றால் முற்றிலும் வேறு கணக்கு. 2008-இல் ‘நேச்சர்’ இதழில் இரண்டு குழுக்கள் தாய்லாந்திலும் சுமத்ராவின் ஆச்சேயிலும் பழைய ஆழிப்பேரலைப் படிவுகளைக் கண்டதாக எழுதின. தாய்லாந்தின் ஃப்ரா தோங் தீவில் 2004-க்கு முந்தைய பேரலை சுமார் 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முன் வந்திருக்க வேண்டும் என்றார்கள். ஆச்சேயில் கி.பி. 1290-க்கும் 1400-க்கும் இடையே ஒன்று, 780-க்கும் 990-க்கும் இடையே இன்னொன்று. இந்த எண்களைப் பார்த்ததும் நம் கோயில் கதையை அவற்றோடு பொருத்திவிடக் கை துறுதுறுக்கும். பொருந்தலாம். ஆனால் பொருத்திப் பார்ப்பதற்காகவே நம் தேதியைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, பிறகு பொருந்துகிறது என்று மகிழ்வது ஆய்வாகாது. பொறியாளரின் அட்டவணையில் ‘இருக்கலாம்’ என்று எழுதக் கட்டம் கிடையாது. ஒரு எண்தான் போட வேண்டும். அந்த எண்ணுக்குப் பின்னால் செங்கல் அளவும், நின்றுபோன கொடையும், பெயர் தெரியாத அலையும் இருக்கின்றன என்பதை அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

கடலுக்கடியிலும் இதே கதைதான். 2002-இல் கோவாவின் தேசியக் கடலியல் கழகத்தினர், இங்கிலாந்துக் குழு ஒன்றோடு சேர்ந்து கடற்கரைக் கோயிலுக்கு எதிரே மூழ்கிப் பார்த்தார்கள். கரையிலிருந்து 500 முதல் 700 மீட்டர் தூரத்தில், 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சுவர்போன்ற அமைப்புகளும் செதுக்கிய கற்களும் கிடைத்ததாக எழுதினார்கள். பல்லவர் காலத்தவையாக இருக்கலாம் என்றார்கள். உடனே வேறு சிலர், கடல்மட்டம் உயர்ந்த வரலாற்றைக் கொண்டு கணக்குப் போட்டு, அந்த ஆழம் நிலமாக இருந்தது ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் என்றார்கள். அப்படியானால் நகரமும் ஆறாயிரம் ஆண்டுப் பழமையாம்! கரை அரிப்பு என்ற ஒன்றை இந்தக் கணக்கு கண்டுகொள்ளவே இல்லை. கடல்மட்டம் ஓர் அங்குலம்கூட உயராமலேயே அலை கரையைத் தின்றுகொண்டு உள்ளே வரும் என்பதை மாமல்லபுரத்துக் குப்பத்தில் எந்த மீனவரைக் கேட்டாலும் சொல்வார். கடல்மட்டக் கணக்குப் போட்டவர் தன் துறையில் தவறு செய்யவில்லை. அவருடைய எண்ணை எடுத்துப்போனவர்கள், அது எந்தக் கேள்விக்கு விடையோ அந்தக் கேள்வியைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள்.

கடலை விட்டு உள்நாட்டுக்கு வருவோம். உலகம் முழுவதும் மருத்துவப் பாடநூல்களில் செங்கல்பட்டின் பெயர் இருக்கிறது என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? கோயிலுக்காக இல்லை, ஏரிக்காகவும் இல்லை. பி.சி.ஜி. தடுப்பூசிக்காக.

1968-இல் தொடங்கி 1971 வரை, பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர் வட்டாரத்தில் லட்சக்கணக்கான மக்களை உட்படுத்தி ஒரு பரிசோதனை நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து நடத்தின. சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தில்லாத ஊசி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் ஊர் ஊராக, வீடு வீடாகப் பெயர் எழுதி, தோலில் சோதனை செய்து, மார்புப் படம் எடுத்து, சளி சேகரித்து, ஆண்டுக்கணக்கில் அதே ஆட்களைத் திரும்பத் திரும்பத் தேடிப் போயிருக்கிறார்கள். களப்பணியின் கட்டுக்கோப்புக்கு இதைவிடப் பெரிய உதாரணம் நம் மாநிலத்தில் எனக்குத் தெரியாது.

1979-இல் முடிவு வெளிவந்தது. ஏழரை ஆண்டுத் தொடர்கண்காணிப்பில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயிலிருந்து பி.சி.ஜி. எந்தப் பாதுகாப்பும் தரவில்லை. பிரிட்டனில் பதின்பருவத்தினரிடம் நடந்த ஆய்வில் முக்கால் பங்குக்கு மேல் பாதுகாப்பு கிடைத்திருந்தது. இங்கே பூஜ்யம். பதினைந்து ஆண்டுக் கணக்கு 1999-இல் வந்தபோதும் பெரியவர்களிடம் மாற்றம் இல்லை. குழந்தைகளிடம் மட்டும் சிறிதளவு பாதுகாப்பு தெரிந்தது.

இந்தப் பூஜ்யம் துறை துறையாகப் பயணம் செய்த விதம்தான் நமக்குப் பாடம். புள்ளியியலாளருக்கு அது ஒரு குறிப்பிட்ட நோய்வடிவத்தைப் பற்றிய எண்: சளியில் கிருமி காணும் நுரையீரல் காசநோய். கைக்குழந்தை சளியைக் காறித் துப்பாது. குழந்தைகளைக் கொல்லும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை அளக்க அந்தப் பரிசோதனை வடிவமைக்கப்படவே இல்லை. நுண்ணுயிரியலாளருக்கு அந்தப் பூஜ்யம் ஒரு புதிர். நம் மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள, காசநோய் உண்டாக்காத வேறு மைக்கோபாக்டீரியாக்கள் ஏற்கனவே உடலுக்குப் பழகிப்போயிருப்பதால் தடுப்பூசியின் வேலை மறைந்துபோகிறதோ என்று அவர்கள் தேடப் போனார்கள். அந்தத் தேடல் இன்றும் முடியவில்லை. பொதுமக்களிடமோ ‘பி.சி.ஜி. வேஸ்ட்’ என்ற வடிவத்தில் போய்ச் சேர்ந்தது. இதற்கு முன்பே, 1955-இல் ராஜாஜி இந்தத் தடுப்பூசியை எதிர்த்துப் புத்தகமே போட்டிருந்தார். அவர் அன்றே சொன்னார் என்று சிலர் மார்தட்டினார்கள். ராஜாஜியின் வாதங்கள் வேறு, செங்கல்பட்டுப் பரிசோதனையின் கேள்வி வேறு. முடிவு ஒத்துப்போவதாகத் தோன்றினால் வழியை யாரும் விசாரிப்பதில்லை.

குழந்தை மருத்துவர்கள் விசாரித்தார்கள். மூளைக்காய்ச்சல் வகைக்குப் பாதுகாப்பு உண்டு என்று வேறு வகை ஆய்வுகள் காட்டின. அதனால்தான் இன்றும் நம் அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. போடுகிறார்கள். அந்தப் பூஜ்யத்தை அதன் நிபந்தனைகளைக் கழற்றிவிட்டு யாராவது நேரடியாகக் கொள்கையாக மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவது உதாரணத்துக்கு மறுபடி கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வருகிறேன். வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-இல் தொடங்கப்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்று நான்கு வகைப் பாம்புகளைப் பிடித்து வருவார்கள். சுமார் மூன்று வாரம் பானையில் வைத்து நஞ்சு எடுத்தபின் காட்டில் விட்டுவிடுவார்கள். விடுவதற்கு முன் வயிற்றுச் செதிலில் ஒரு சின்ன வெட்டு. அதே பாம்பு மறுபடி கையில் சிக்கினால், சமீபத்தில் நஞ்சு எடுத்த பாம்பு என்று பார்த்ததும் தெரிந்துவிடும். பெர்க்லியின் விலங்கியல் அருங்காட்சியகத்தைப் பற்றி 1989-இல் ஸ்டாரும் கிரீஸ்மரும் எழுதிய கட்டுரை, துறைத்தொடர்பு ஆய்வாளர்கள் எல்லோரும் மேற்கோள் காட்டும் ஒன்று. பொறிவைத்துப் பிடிப்பவர்களும் பேராசிரியர்களும் ஒரே படிவத்தின் மூலம் எப்படி ஒத்துழைத்தார்கள் என்பது அதன் பொருள். அதைப் படித்து வியக்கும் நம் மாணவர்கள் வடநெம்மேலிச் செதில் வெட்டையும் ஒருமுறை போய்ப் பார்க்கலாம். எழுத்தே இல்லாமல், பிடிப்பவருக்கும் நஞ்சு எடுப்பவருக்கும் ஒருங்கே பயன்படும் பதிவேடு அது. இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தது அரசு செய்த நல்ல காரியங்களில் ஒன்று.

இந்தியாவில் பாம்புக்கடிக்குப் போடும் முறிமருந்துக்கு மூலமான நஞ்சு நெடுங்காலமாகப் பெரும்பகுதி இந்தச் சங்கத்திலிருந்துதான் போகிறது. அதாவது, செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்துப் பாம்புகளின் நஞ்சு. இருளருக்கு இது நன்றாகத் தெரியும். எந்தக் கொல்லையில் பிடித்தது என்றுகூடச் சொல்வார். குதிரைக்கு ஏற்றி மருந்து தயாரிக்கும் நிறுவனத்தை அடையும்போது அது வெறும் கண்ணாடி விரியன் நஞ்சு ஆகிறது. குப்பியின் சீட்டில் வரும்போது இந்தியா முழுமைக்கும் நான்கு பாம்புக்கும் பொதுவான மருந்து ஆகிறது. ராஜஸ்தானிலோ அசாமிலோ உள்ள மருத்துவர் குப்பி குப்பியாக ஏற்றியும் நோயாளி தேறவில்லையே என்று திகைக்கிறார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கார்த்திக் சுனகர் குழுவினர் 2019 முதல் வெளியிட்ட ஆய்வுகள், ஒரே இனப் பாம்பின் நஞ்சே வட்டாரத்துக்கு வட்டாரம் வெகுவாக மாறுகிறது, தெற்கத்தி நஞ்சில் செய்த மருந்து எல்லா இடத்திலும் ஒரே அளவு வேலை செய்வதில்லை என்று காட்டின. நாட்டில் ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியில் சாகிறார்கள் என்பது 2020-இல் வந்த மதிப்பீடு. பிடித்தவருக்குத் தெரிந்திருந்த ஒரு செய்தி, எந்த ஊர்ப் பாம்பு என்பது, வழியில் உதிர்ந்தது. யாரும் மறைக்கவில்லை. யாரும் கேட்கவில்லை.

எல்லாமே இப்படித்தானா என்று நீங்கள் சோர்ந்துவிடக் கூடாது. நன்றாகச் செய்தவர்களும் இதே மண்ணில்தான் இருக்கிறார்கள்.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில், இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்தான், இராபர்ட் புரூஸ் ஃபூட் சரளைக் குழி ஒன்றிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். அவர் நிலவியல் அளவைத் துறைக்காரர்; கல்லின் சாதியைப் பார்ப்பது அவர் வேலை. அது மனிதக் கை செதுக்கிய கோடரி என்று அவருக்குப் பட்டதற்குக் காரணம், சில ஆண்டுகளுக்கு முன் பிரான்சின் சோம் ஆற்றுச் சரளையில் கிடைத்த கற்கருவிகளைப் பற்றி ஐரோப்பாவில் நடந்த சண்டையை அவர் தொடர்ந்து படித்து வந்ததுதான். ஒரு கல்லோடு அவர் நிற்கவில்லை. சில மாதங்களில் வில்லியம் கிங்கோடு சேர்ந்து அத்திரம்பாக்கத்தில் மேலும் கண்டெடுத்தார். எந்தப் படுகையில், எந்த மட்டத்தில் கிடைத்தன என்று நிலவியலாளரின் ஒழுங்கோடு குறித்துவைத்தார்.

அதே அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு குழுவினர் நெடுங்காலம் அகழ்ந்து, 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். தொல்லியலாளர்களோடு பிரான்சு நாட்டு ஆய்வகங்களும் சேர்ந்திருந்தன. இரண்டு வழிகளில் காலம் கணித்தார்கள். மண்ணில் உறைந்த காந்தத் திசையைக் கொண்டு, 10.7 லட்சம் ஆண்டுகளுக்குக் குறையாது என்றார்கள். அண்டக் கதிர்கள் கல்லில் உண்டாக்கும் ஐசோடோப்புகளை அளந்து, சராசரி 15.1 லட்சம் ஆண்டுகள், அதில் 70,000 ஆண்டு கூடக் குறைய இருக்கலாம் என்றார்கள். ஒன்று ‘குறையாது’ என்கிறது. மற்றது ‘இத்தனை, இவ்வளவு பிசகோடு’ என்கிறது. ஒரு முறை மற்றதன் முடிவைக் கடன் வாங்கவில்லை. இரண்டையும் கலந்து ஓர் அழகான எண்ணாக அவர்கள் ஆக்கவும் இல்லை. சாளுவன்குப்பத்து வட்டத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள், நான் சொல்ல வருவது விளங்கும்.

இனி உங்கள் ஆய்வேட்டுக்கு வருகிறேன்.

பல துறை சேர்ந்த ஆய்வு என்று பதிவு செய்துவிட்டால் என்ன நடக்கிறது? டாக்டோரல் கமிட்டியில் இந்தத் துறைக்கு ஒருவர், அந்தத் துறைக்கு ஒருவர். தொல்லியல்காரர் தன் இயலைப் படிப்பார். வேதியியல் இயல் வந்ததும், இது எனக்குப் புரியாது, அவர் பார்த்துக்கொள்வார் என்று புரட்டிவிடுவார். வேதியியல்காரரும் அப்படியே. மரியாதை என்ற பெயரில் நடக்கும் இந்தச் சோம்பல்தான் பல துறை ஆய்வின் பெரிய நோய். இரண்டு இயல்களுக்கும் இடையே மாணவர் கட்டிய பாலத்தில் ஒருவரும் ஏறி நின்று பார்ப்பதில்லை. மாணவரும் முன்னாய்வு இயலில் பிற துறை முடிவுகளை எல்லாம் ‘நிறுவப்பட்டுள்ளது’ என்ற ஒரே வினையில் முடித்துவிடுகிறார். யார் நிறுவினார், எதை வைத்து, எவ்வளவு உறுதியோடு என்பது அந்த வினைக்குள் புதைந்துபோகிறது.

வசதி இல்லை என்று சொல்ல முடியாது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலும், கடல்சார் தொல்லியலும், நில அறிவியலும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. இந்த மாவட்டத்திலேயே மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பொறியியல் கல்லூரிகள் ஏராளம், மாமல்லபுரத்தில் கட்டடக்கலை சிற்பக்கலைக் கல்லூரி இருக்கிறது. பல்லவர் குடைவரைகளில் பாதியில் நின்றுபோன பாறைமுகங்களைப் பாருங்கள். சதுரம் சதுரமாகக் கோடு வெட்டி, நடுவில் மிஞ்சியதைத் தட்டி எடுத்த தடம் அப்படியே நிற்கும். அதைப் பற்றி எழுதும் கலைவரலாற்று மாணவர் எத்தனை பேர், அந்தக் கல்லூரிக்குப் போய் உளி பிடிக்கிற ஒருவரிடம், இந்த இடத்தில் வேலை ஏன் நின்றிருக்கும் என்று கேட்டிருக்கிறார்கள்? கேட்டவர்களின் ஏடுகள் வேறு மாதிரி இருக்கும். கல்லைத் தட்டி ஓசையில் குறை கண்டுபிடிக்கிறவருக்கு, அரசன் செத்தான் என்ற விளக்கத்தைத் தவிர வேறு விளக்கங்களும் தெரியும்.

ஆகவே என் வேண்டுகோள் மிகச் சிறியது. பணமும் கேட்காது, புதிய துறை தொடங்கவும் கேட்காது. உங்கள் ஆய்வேட்டின் முடிவில் இரண்டு மூன்று பக்கம் ஒதுக்குங்கள். பிற துறைகளிலிருந்து நீங்கள் எடுத்துக்கொண்ட ஒவ்வொரு முடிவையும் அங்கே எழுதுங்கள். அவர்கள் அதை எப்படி அடைந்தார்கள், எவ்வளவு உறுதி என்று சொன்னார்கள், அது தவறென்று நாளை தெரியவந்தால் உங்கள் எந்த இயல் விழும் என்று பக்கத்திலேயே குறியுங்கள். அந்தப் பக்கங்களை எடுத்துக்கொண்டு சம்பந்தப்பட்ட துறைக்காரர் ஒருவரிடம் நேரில் போங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் ‘நன்று’ என்று பதில் வரும். எதிரே உட்கார்ந்தால்தான் நெற்றியைச் சுருக்குவார். அவர் மறுத்தால் அந்த மறுப்பையும் அச்சிடுங்கள்.

நெறியாளர்களே, உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். இப்படி ஒரு பக்கத்தை மாணவர் எழுதிக்கொண்டு வந்தால், ஏடு பலவீனமாகத் தெரியும், எடுத்துவிடு என்று சொல்லாதீர்கள். வாய்மொழித் தேர்வு பொதுவெளியில் நடப்பது. யாரும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். அடுத்த முறை உங்கள் துறையில் வாய்மொழித் தேர்வு நடக்கும்போது பக்கத்துத் துறையிலிருந்து ஒருவரைக் கட்டாயம் அழைத்து வந்து, முதல் கேள்வியை அவரையே கேட்கச் சொல்லுங்கள்.